ரெண்டாவது கியர்

செப்டம்பர் 2

இந்த நோட்டு பட்டாளத்தானுக்காக வாங்கியது. எந்த போல்ட்டை எங்கிருந்து கழற்றினேன் என்று குறித்து வைக்காவிட்டால் ஐம்பத்தெட்டு வயதில் ஞாபகம் நிற்காது. வேறு எதையும் இதில் எழுதப் போவதில்லை.

காலையில் அலமேலு மலையிலிருந்து இறங்கி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். ஈச்சங்கொம்பை மகளிர் குழுவுக்குத் தலைவி. கூட மூன்று பெண்கள். டீ சொல்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார்கள்.

“மேஸ்திரி, பட்டாளத்தான முதலாளி எங்க குழுவுக்கே எழுதிக் குடுத்துட்டாரு. நீங்கதான் பள்ளத்துல இருந்து தூக்கி ஓட வெக்கணும்.”

பட்டாளத்தான் ஆள் இல்லை, லாரி. ராணுவம் கழித்துக்கட்டி ஏலம் விட்ட வண்டி. முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஈச்சங்கொம்பைக்குப் போகிற மண் பாதையில் இரண்டு ஓடைகள் குறுக்கே ஓடுகின்றன. ஐப்பசி மழை பிடித்தால் ஜீப்பெல்லாம் இந்தக் கரையிலேயே நின்றுவிடும். பட்டாளத்தான் ஒருவன்தான் தாண்டுவான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஏழாவது வளைவில் உருண்டு பள்ளத்தில் விழுந்தான். அதில் செத்தது பொன்னாண்டி, அலமேலுவின் புருஷன். ஓட்டியது சடையன், பொன்னாண்டியின் கூடப்பிறந்த அண்ணன்.

“போன மழைல ரெண்டு பேரத் தூளி கட்டித் தூக்கிட்டு வந்து ஓடைக்கரையிலயே பறிகுடுத்தோம். இந்த மழைக்கு முன்னாடி வண்டி ஓடணும். ஆனா ஒண்ணு. டிரைவரு கீழ இருந்து வரட்டும். எம் மூத்தாரு கை அந்த ஸ்டேரிங்குல படக் கூடாது.”

மூத்தார் என்றது சடையனைத்தான். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “சரிம்மா” என்று வந்துவிட்டது. என் நாக்குக்கு என்ன கேடு வந்ததோ.

ரஞ்சிதம் சோறு போடும்போது கேட்டாள்: “அந்த வண்டி கெடக்கற பக்கமே போகமாட்டேன்னு இருந்தீங்களே?” குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 4

வனத்துறை அனுமதி கிடைத்தது. பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து இரண்டு பாறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. கேபின் நசுங்கியிருக்கிறது. கியர் ராடு வளைந்து தரையோடு படுத்துவிட்டது, எந்தக் கியரில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. உண்ணிச்செடி ஜன்னல் வழியாகப் புகுந்து மறு ஜன்னல் வழியாக வெளியே வந்திருக்கிறது. அடியில் சேஸ் சட்டம் வளையவில்லை. இன்ஜின் பிளாக்கில் விரிசல் இல்லை. அந்தக் காலத்து இரும்பு, அடேயப்பா!

காலையிலிருந்தே மேலே வளைவில் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். சடையன்தான். உச்சிவெயில் வந்ததும் கொடுவாளோடு இறங்கி, யாரையும் கேட்காமல் உண்ணிச்செடியை வெட்ட ஆரம்பித்தான். அந்த விபத்துக்குப் பிறகு அவன் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. சந்தைக்குக்கூட நடந்தே போகிறான், போக வர இருபது கிலோமீட்டர்.

“வெட்டட்டுமாண்ணே?”

“வெட்டிட்டுத்தானே இருக்க, அப்புறம் என்ன கேள்வி?”

சிரித்தான். முன்பற்கள் இரண்டு இல்லை. அன்றைக்குப் போனவை.

செப்டம்பர் 7

ஊரே வந்தது. நாற்பது பேர் வடம் பிடித்தார்கள். எடை தூக்குகிற சங்கிலிக் கப்பி, செயின் பிளாக்கை, மேலே வேங்கை மரத்தில் கட்டினேன். எங்கே கட்டினால் சாயாமல் நேராக ஏறும் என்று சடையன் சொன்னான். எனக்குத் தோன்றாத இடம், ஆனால் அவன் சொன்னதுதான் சரி. அந்த வண்டியின் எடை எந்தப் பக்கம் போகும் என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

பன்னிரண்டடி ஏறியதும் ஒரு வடம் அறுந்தது. பட்டாளத்தான் ஒரு முழம் பின்னால் சறுக்கினான். கீழே கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் சடையன். அவன் நகரவில்லை, தோளை வைத்துக் கல்லைத் தள்ளினான், வண்டி நின்றது.

“என்னடா, சாகறதுக்கா வந்த?” என்று கத்தினேன். கெட்ட வார்த்தையும் இரண்டு வந்தது.

“வண்டி மேல போகணும்ணே” என்றான்.

பின்சக்கரம் வலது பக்கம் சுற்றவே இல்லை. இழுத்த இழுப்புக்குத் தரையைக் கீறிக்கொண்டே வந்தது. எல்லோரும் துரு என்றார்கள். நானும் துரு என்றேன்.

செப்டம்பர் 8

ரோட்டுக்கு வந்துவிட்டது. கும்மாளம். பெண்கள் குலவை போட்டார்கள்.

ஒரு கிழவர் என் முதுகில் தட்டினார். “மொத எறக்கத்துல மேஸ்திரிதான் பக்கத்துல உக்காரணும், மறந்துடாதீங்க!” இந்த மலையில் அது ஒரு வழக்கம். பிரேக் வேலை பார்த்தவன், வண்டி முதல் தடவை மலை இறங்கும்போது டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். தன் உயிரையும் அதில் வைத்தால்தான் ஒழுங்காக வேலை பார்ப்பான் என்று எவனோ யோசித்து வைத்த ஏற்பாடு. “உக்காராம?” என்றேன்.

அலமேலு சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வலது சக்கரம் மட்டும் ஏன் மேஸ்திரி சுத்தல?”

“ஒம்பது வருசம் மழையில கெடந்தா துரு புடிக்காதா?”

“நாலு சக்கரமும்தான் மழையில கெடந்துச்சு.”

படித்தது எட்டாம் வகுப்பு. கேள்வி மட்டும் வக்கீல் மாதிரி.

செப்டம்பர் 10

மழை. வேலை இல்லை.

செப்டம்பர் 12

டிராக்டர் வைத்து இழுத்து ஈச்சங்கொம்பைப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தியாகிவிட்டது. பிஸ்டன் இறுகிக் கிடக்கிறது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி வைத்தேன். மூன்று நாள் ஊறட்டும்.

சடையன் தினமும் வருகிறான். கூலி கேட்பதில்லை. சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்காமலே ஆரம்பித்தான்.

“மூணாவது கியர்ல எறக்குனேன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே. மூணுல எறக்குனா வண்டி கைக்கு நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு ரெண்டுன்னுதான் அப்ப ஞாபகம். வாசம் வந்துச்சு, ரப்பர் கருகுற வாசம். பிரேக்கு மொதல்ல தானா புடிச்சுக்கிச்சு, அப்புறம் மிதிச்சா கால் தரையில போய் இடிக்குது. இதத்தான் பஞ்சாயத்துல சொன்னேன்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னு நீங்க சொன்னப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நீங்க நாலு நாள் முன்னாடிதானே எம் பக்கத்துல உக்காந்து வந்தீங்க. இப்பல்லாம் கண்ண மூடுனா கை மூணுலதான் இருக்குது. தம்பி பின்னாடி நின்னு ‘அண்ணா, அண்ணா’ங்கறான்.”

“சாப்பிடு, ஆறிப்போகுது” என்றேன். வேறு என்ன சொல்வது?

செப்டம்பர் 14

வளைந்த ராடை அறுத்து எடுத்துவிட்டு கியர் பாக்ஸ் மூடியைத் திறந்தேன். மத்தியானம், யாரும் இல்லை. பற்கள் நன்றாக இருக்கின்றன. எண்ணெய் மட்டும் சேறாகியிருக்கிறது. கம்பியை வைத்து நெம்பி நியூட்ரலுக்குத் தள்ளினேன். வேலை பார்க்க நியூட்ரலில்தான் இருக்க வேண்டும்.

முன்பு எதில் இருந்தது என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை.

செப்டம்பர் 15

இன்ஜின் கால் சுற்று அசைந்தது. மதியத்துக்கு மேல் முழுச் சுற்று. உடம்புக்குச் சரியில்லை என்று சீக்கிரம் இறங்கிவிட்டேன்.

செப்டம்பர் 18

ஓடிவிட்டது! பதினோராவது தடவை ஸ்டார்ட்டர் அடித்தபோது ஒரு இருமல், கரும்புகை, அப்புறம் தடதடவென்று மைதானமே அதிர்ந்தது. வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர். வெட்கமென்ன, தண்ணீர்தான். நாற்பது வருடத்தில் எத்தனை இன்ஜினோ பார்த்தாயிற்று, இப்படி ஒன்று இல்லை.

எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது சடையன் கேபினில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். நான் கவனிக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். ஆக்சிலேட்டரைத் தொடக்கூட இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தான்.

அலமேலு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

“எறங்குங்க! அதுல கை வெக்காதீங்க! என் தாலிய அறுத்தது பத்தாதா?”

ஒன்பது வருடமாக அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசிய முதல் பேச்சு இது. சடையன் இறங்கினான். இறங்கும்போது கால் தடுக்கியது. யாரும் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 20

இன்றைக்குப் பிரேக். கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று சடையனை அடிவாரத்துக்கு அனுப்பினேன். ஆறு மணி நேரம் ஆகும், நடந்துதானே வருவான். கிரீஸ் அரை டப்பா இருந்தது.

நாலு சக்கரமும் கழற்றினேன். வலது பின்சக்கரத்தில் பிரேக் லைனிங் கருகிக் கரிக்கட்டை. பிரேக் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கப்புகளை வெளியே எடுத்தேன். மொத்தம் எட்டு. பழைய ரப்பர். ஓடையில் எறிந்துவிட்டேன்.

சடையன் வந்ததும் கேட்டான்: “பழைய கப்பு எங்கண்ணே? கடையில மாதிரி கேப்பாங்களே.”

“அளவு எனக்குத் தெரியும்.”

“எப்பவும் மாதிரி இல்லாம வாங்க மாட்டீங்களே.”

“நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியா?”

அவன் வாங்கி வந்த கிரீஸ் டப்பாவை, பழைய அரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 22

பிரேக் மிதிக்கு அடியில் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரை மறந்து தொலைத்துவிட்டேன், அதற்குள்ளும் ஒரு ரப்பர் கப் உண்டு. டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேருவதற்குள் சடையனே அதைக் கழற்றி வைத்திருந்தான். உள்ளே இருந்த கப் அவன் உள்ளங்கையில். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது.

“ஏண்ணே இப்படி உப்பிப் போய்க் கெடக்குது?”

“தண்ணி பூந்திருக்கும்.”

“தண்ணியில ரப்பர் உப்புமாண்ணே?”

“ஒம்பது வருசம்டா.”

“டயரும் ரப்பர்தான்” என்றான். கோபமாக இல்லை, யோசித்துக்கொண்டே சொன்னான். கப்பை நீட்டினான். என் கையில் எண்ணெய், அது வழுக்கிக் கீழே விழுந்தது. அவனே குனிந்து எடுத்து என் சட்டைப் பையில் போட்டான்.

செப்டம்பர் 23

இவனுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் ஏன் கேட்கவில்லை? காலையில் “வாங்கண்ணே” என்றான். எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

செப்டம்பர் 26

குழாய், ஹோஸ், கப், லைனிங் எல்லாம் புதுசு. பழைய ஆயில் ஒரு சொட்டு இல்லாமல் ஸ்பிரிட் விட்டு மூன்று தடவை கழுவினேன். புது பிரேக் ஆயில் டப்பாவை உடைத்து ஊற்றினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு பிரேக் வேலை பார்த்ததில்லை.

செப்டம்பர் 29

டவுனிலிருந்து டிரைவர் வந்தான். முப்பது வயது, கறுப்புக் கண்ணாடி. மைதானத்தில் இரண்டு சுற்று ஜோராக ஓட்டினான். ஊருக்கு வெளியே முதல் சரிவில் கியரை மாற்றத் தெரியவில்லை. இந்த வண்டிக்குக் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும், நடுவில் ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும், காது கேட்டு மாற்ற வேண்டும். நறநறவென்று பல்லைக் கடித்தது. கியர் விழாமல் வண்டி தானாக உருள ஆரம்பித்தது, அவன் பதறிப்போய்ப் பிரேக்கை விட்டுக் கிளட்சையே மிதித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கை பிரேக்கை இழுத்தேன். ஓடைக்கு நாலடி முன்னால் நின்றது.

“நமக்கு ஆகாதுங்க, புள்ள குட்டிக்காரன்” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தான். கண்ணாடியை வண்டியிலேயே விட்டுவிட்டான்.

மேற்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. ஊருக்குப் பக்கத்திலிருக்கிற கண்டியம்மன் மேட்டில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, மழைக்கு முன்னால் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி நர்ஸம்மா சொன்னார்களாம். ஜீப்பில் உட்கார்ந்து போக முடியாதாம், படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமாம்.

அலமேலு என்னிடம் வந்தாள். “இப்ப என்ன பண்றது மேஸ்திரி?”

“சடையன் ஓட்டுவாம்மா. அவன விட்டா ஆள் இல்ல.”

முகம் மாறிவிட்டது. “மூணாவது கியர்ல எறக்கி எம் புருசன வண்டியோட உருட்டிக் கொன்ன ஆளு கையிலயா? நீங்கதானே பஞ்சாயத்துல துண்டப் போட்டுத் தாண்டுனீங்க, பிரேக்கு சரியா இருந்துச்சுன்னு? அதுக்கப்புறந்தானே நான் அவரோட பேச்ச விட்டேன்?”

ஆமாம். துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்தேன்.

செப்டம்பர் 30

சரி, எழுதிவிடுகிறேன். யாருக்குப் பயந்து என் நோட்டிலேயே நான் பொய் எழுதுகிறேன்?

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இதே மைதானத்தில்தான் பட்டாளத்தானுக்குப் பிரேக் பார்த்தேன். வேலை முடியும்போது பிரேக் ஆயில் பத்தவில்லை. அடிவாரத்தில் தேர்த் திருவிழா, கடை இல்லை. ஜாக்கிக்கு ஊற்றுகிற ஆயில் டப்பாவில் பாதி இருந்தது. அதை ஊற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவே முடியாது. ஒரு நடைக்குத்தானே, திங்கட்கிழமை கழுவி மாற்றிவிடலாம் என்று ஊற்றினேன். சடையன் பக்கத்தில் உட்கார்ந்து மலை இறங்கினேன். பிரேக் கல் மாதிரி பிடித்தது. பிடிக்கத்தான் செய்யும், அந்த ஆயில் ரப்பரை உடனே உப்ப வைக்காது. இரண்டு மூன்று நாள் ஆகும்.

திங்கட்கிழமை மச்சினன் வீட்டு விசேஷம். போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பட்டாளத்தான் உருண்டான்.

பஞ்சாயத்தில் என்னைக் கேட்டதும் “நானே கூட உக்காந்து வந்தேன்” என்றேன். அது உண்மை. அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருடம் ஓட்டிவிட்டேன். வழக்கப்படி உட்கார்ந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்?

கியர் பாக்ஸைத் திறந்தபோது ரெண்டில் இருந்தது. சடையன் சரியாகத்தான் ஓட்டியிருக்கிறான். அதை நான் நியூட்ரலுக்குத் தள்ளினேன். ஜாக்கி ஆயில் ஊற்றியதைவிட எனக்கு இதுதான் அதிகமாக வலிக்கிறது. அது சோம்பல். இது படுபாவித்தனம்.

அக்டோபர் 1

காலையில் மைதானத்துக்குப் போனேன். அலமேலு இருந்தாள், சடையன் இருந்தான், குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். உப்பிய கப்பை எடுத்து வண்டி பானட்டின் மேல் வைத்தேன். சொல்ல நினைத்ததை ரோட்டிலேயே நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன், அங்கே போனதும் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. ஜாக்கி ஆயில், தேர், மச்சினன் வீடு, பஞ்சாயத்து. கடைசியில் கியர் பாக்ஸ்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சடையன் மட்டும் பேசினான். “ரெண்டுலயாண்ணே இருந்துச்சு?”

“ரெண்டுலதான்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன்டா.”

“அப்ப ரெண்டுதானா?” என்றான் மறுபடியும். அப்படியே தரையில் உட்கார்ந்தான். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் ஓவென்று அழுதான். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

அலமேலு என்னைப் பார்க்கவே இல்லை. அவனுக்கு முன்னால் போய் நின்றாள். “எந்திரிங்க” என்றாள். “அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நாளைக்குக் காலையில வண்டிய எடுங்க.”

“நான் கூட உக்காந்துக்கறேம்மா. நான்தானே பிரேக்கு...” என்றேன்.

“நீங்க உக்காந்தது போதும். நான் உக்காந்துக்கறேன்” என்றாள்.

அக்டோபர் 2

ஏழு மணிக்கு ஈச்சங்கொம்பையிலிருந்து புறப்படுவதாகப் பேச்சு. ஆறரைக்கே அடிவாரத்தில் கடைசி வளைவுக்குக் கீழே போய் நின்றேன். தூறல். இரண்டு மணி நேர இறக்கம். ஒன்பது ஆனது, வரவில்லை. ஒன்பதே கால், ஒன்பதரை. மேலே போகலாமென்றால் கால் வரவில்லை. எட்டு கப்பையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், எதையாவது தலைகீழாகப் போட்டுவிட்டேனா என்று.

பத்து மணிக்குச் சத்தம் கேட்டது. ரெண்டாவது கியர் சத்தம், ஒரே சீராக. வளைவில் பச்சை மூக்குத் தெரிந்தது. பின்னால் மெத்தை போட்டு அந்தப் பெண், அவள் தாயார். முன்னால் சடையனும் அலமேலுவும்.

என் பக்கத்தில் நிறுத்தினான். இறங்கி வந்தான். நான் கையைக் கூப்பினேனோ என்னவோ, ஞாபகம் இல்லை.

“மேஸ்திரி” என்றான். இருபது வருடமாக அவன் வாயில் எனக்கு அந்தப் பெயர் இருந்ததில்லை. “வண்டி லேசா எடது பக்கம் இழுக்குது. பாத்துக் குடுங்க. ஓடையில தண்ணி இருந்துச்சு, அதான் நேரமாச்சு.”

வலது பக்கப் பிரேக் குழாயில் காற்று நின்றிருந்தது. டியூப் மாட்டிக் காற்றை வெளியேற்றினேன். அதில் பிரேக் ஆயில் ஒரு விரல்கடை இறங்கியது. பையிலிருந்து புது பிரேக் ஆயில் டப்பாவை எடுத்தேன்.

சடையன் அதை என் கையிலிருந்து வாங்கினான். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். ஒரு சொட்டைக் கட்டைவிரலில் விட்டுத் தேய்த்தான். டப்பாவைத் திருப்பி, மேலே எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். அவனுக்குப் படிப்பு மெதுவாகத்தான் வரும். அலமேலு வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டியபடி நின்றேன்.

படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

“ஊத்துங்க” என்றான்.